பெட்டைச் சிறுத்தையோடு சேர்ந்த ஆண்

இரவு ஏழேகால் மணி. பெங்களூர்ப் பக்கம் ஆனேக்கல்லைத் தாண்டிக் காட்டோரமாகப் போகிற மண் ரோடு. ஈ, காக்கை இல்லை. ஜீப்பை ஓட்டியது என்னோடு வேலை பார்க்கும் பிரபாவின் மாமா உத்தமன், வனத்துறை டிரைவர். பக்கத்தில், சிறுத்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற மமதா மேடம். மரத்தில் கட்டியிருந்த கேமராவின் கார்டை எடுக்கப் போனார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். ரம்பத்தால் மரம் அறுப்பதுபோல... கர்ர்... கர்ர்...

"நிறுத்துங்கண்ணா," என்றார் மமதா. "பெட்டை. ஜோடிக்குக் கூப்பிடுது."

உத்தமன் விளக்கை அணைத்தார். நிலா வெளிச்சத்தில் பெட்டை தெரிந்தது. அடிமரத்தில் கன்னத்தைத் தேய்த்தது. வாலைத் தூக்கி மூத்திரம் பீய்ச்சியது. புதரிலிருந்து ஓர் ஆண் வந்தது. கழுத்து தடித்த, நல்ல வாலிப ஆண்.

பெட்டை ஒரே அறை விட்டது. மூக்கில் ரத்தம் ஒழுக அது ஓடிப்போனது.

பிறகு... நாற்றம்.

உத்தமனுக்குத் தெரிந்த நாற்றம்தான். போன மாதம் லாரியில் அடிபட்டு, எட்டு நாள் கழித்துக் கிடைத்தது ஒரு கிழட்டு ஆண் சிறுத்தை; இடது காது இரண்டாகக் கிழிந்திருந்தது. தூக்கும்போது வயிறு வெடித்து அவர் சட்டையெல்லாம் புழு. விறகடுக்கி எரித்ததே அவர்தான்.

அது வந்தது. அதே கிழிந்த இடது காது. வயிறு திறந்திருந்தது. சதக்... சதக்... என்று நடந்தது.

பெட்டை அதன் முன்னால் உருண்டு புரண்டது. அந்தத் தாடையில் ஆசையாக முகத்தைத் தேய்த்தது. பிறகு தரையோடு படுத்துப் பின்புறத்தைக் காட்டியது. அது ஏறி, பிடரியைக் கவ்வியது. இறங்கியது. மறுபடி ஏறியது. ஒவ்வொரு தடவையும் கொழகொழவென்று ஏதோ மண்ணில் விழுந்தது.

கதவைத் திறக்கப் பயந்து உத்தமன் தன் மடியிலேயே வாந்தி எடுத்தார்.

"மேடம்... அது நான் எரிச்சது."

மமதா துப்பட்டாவால் வாயைப் பொத்தியிருந்தார். "ரிவர்ஸ் எடுங்கண்ணா. பேக... பேக... சீக்கிரம்."

மறுநாளே வேலையை விட்டார் உத்தமன். இப்போது சந்தாபுராவில் ஆட்டோ. வீட்டில் கறி எடுப்பதேயில்லை.

நாலு மாதம் கழித்து மமதா வீடு தேடி வந்தார். காபியைத் தொடாமல் போனில் ஒரு வீடியோவைப் போட்டு நீட்டினார்.

"குட்டி போட்டிருக்கு. வேற யார்கிட்டயும் காட்டலண்ணா."

பாறை இடுக்கு. பெட்டை ஒருக்களித்துப் படுத்திருந்தது. ஒரே குட்டி, பால் குடித்துக்கொண்டிருந்தது. தாய் அதன் முதுகை நக்கியது. நாக்கோடு ரோமம் வந்தது. மறுபடி நக்கியது. தோலும் வந்தது... அடியில் வெள்ளையாக எலும்பு.

குட்டி முலையை விடவில்லை.