கால்மாட்டுச் செங்கற்கள்

செங்கற்கள் எங்கள் வீட்டுச் செங்கற்கள்தான். மாட்டுக் கொட்டகைக்குச் சுவர் வைத்தபோது மிஞ்சியவை. எங்கே வாங்கினேன், யார் தூக்கி வந்தார்கள் என்றெல்லாம் நீங்கள் விசாரிக்கத் தேவையில்லை. கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி அவற்றை வைத்தது என் அப்பா. வைக்கச் சொன்னது சேலத்து டாக்டர். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

என் அண்ணன் அங்கமுத்து லாரி ஓட்டினான். வைகாசியில் சங்ககிரிக்கு இந்தப் பக்கம் வண்டி கவிழ்ந்து தொடை எலும்பு முறிந்தது. காலில் கயிறு கட்டி எடை தொங்கவிட்டார்கள். எடையோடு சேர்ந்து உடம்பும் கீழே வழுக்கி வராமல் இருக்கத்தான் அந்தச் செங்கற்கள். தலை சற்றே தாழ்ந்து, கால் உயர்ந்து, மல்லாந்து கிடக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இடமில்லை, வீட்டிலேயே கிடக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் அப்போது பெங்களூரில் இருந்தேன். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். உடலியலில் எம்.எஸ்ஸி. முடித்து ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். விண்வெளியில் எடையில்லாமல் மிதக்கிறவனுடைய ரத்தம் எப்படி ஓடும் என்பது அங்கே ஆராய்ச்சி. அதற்காக யாரையும் வானத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. தலைப்பக்கம் தாழ்ந்த கட்டிலில் ஓர் ஆளை வாரக்கணக்கில் படுக்க வைத்தால் போதும், உடம்பு ஏமாந்துவிடும். காலில் நிற்க வேண்டிய ரத்தம் மடை மாறி நெஞ்சுக்கும் தலைக்கும் பாயும். தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்து உடம்பு அதைச் சிறுநீராக வெளியே தள்ளும். நாளாக ஆக மொத்த ரத்தமே குறைந்துபோகும். படுத்திருக்கும்வரை அதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. நிற்கும்போதுதான் தெரியும். இருக்கிற ரத்தமும் காலுக்கு இறங்கிவிடும், மூளைக்கு ஏறாது.

அதனால் கடைசி நாளில் ஆளைப் பலகையில் கட்டிப் பலகையை நிமிர்த்துவார்கள். மணிக்கட்டில் விரல் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். முகம் வெளுத்தாலோ, கொட்டாவி வந்தாலோ, "இறக்குங்க" என்பேன். உடனே பலகை படுத்துவிடும், ஆளும் பிழைத்துக்கொள்வான். என் வேலை அந்த ஒரு சொல்தான்.

தந்தி வந்தது, வந்தேன். நங்கை, அதாவது அண்ணன் மனைவி கண்ணாத்தாள், வீட்டில்தான் இருந்தாள். நான் எதற்கு என்று கேட்டேன்.

"டாக்டரு பேசறது அவளுக்கு வெளங்குமா? இத்தன படிச்சுப்போட்டு நீ எதுக்கு இருக்கற?" என்றார் அப்பா.

"எப்ப நான் திரும்பிப் போறதுங்க?"

"எங்க போறது? மொதல்ல உங்கண்ணன் எந்திரிச்சு நடக்கட்டும். அங்கமுத்து எந்திரிச்ச கையோட உனக்குக் கல்யாணம். திருச்செங்கோட்டுல போர் போடற ரிக்கு வண்டி ரெண்டு வெச்சிருக்கற ஊடு."

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு என்ன புள்ள இருக்குது?"

பெங்களூரில் என் இடத்துக்கு வேறொருவனை எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் எழுந்தால் கல்யாணம் என்பது உண்மை. அதற்காகத்தான் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அண்ணன் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. முதல்முதலாக என்னை ஹாஸ்டலில் விட்டதே அவன்தான், தன் லாரியில். வாட்ச்மேனிடம் "லோடு பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

டாக்டர் என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். ஆடிப்பெருக்கு வாக்கில் எடையையும் கல்லையும் எடுத்துவிடு. முதலில் தலையணை வைத்துச் சாய்த்து வை. பிறகு உட்கார வை, காலைத் தொங்கப்போடச் சொல். நிற்பது அதற்கெல்லாம் பிறகு. இதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஆடி வந்ததும் எடையை அவிழ்த்தேன், எலும்பு கூடியிருந்தது. கல்லை எடுக்கவில்லை. சாப்பிடுவதற்குக்கூடத் தலையைத் தூக்க விடவில்லை. "படுங்கண்ணா" என்றால் படுத்துக்கொள்வான். வீட்டில் நான் சொல்லிக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

எதற்கென்று அவனுக்குப் பாதி சொல்லியிருந்தேன். பங்குனியில் நம் நாட்டுக்காரர் ஒருவர் விண்வெளிக்குப் போய்வந்த பேச்சு அப்போது எல்லார் வாயிலும் இருந்தது.

"அப்ப நானும் மானத்துலதான் மெதக்கறனா அம்மிணி? லாரி டிரைவருக்கு வந்த யோகத்தப் பாரு" என்று சிரித்தான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னான்.

வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். கண்ணோரச் சுருக்கம் போய், கன்னம் உப்பி, பளபளவென்று இருந்தான். கந்தம்மாள் அத்தை கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாள்.

"புது மாப்பிளையாட்ட மினுமினுங்கறான். கண்ணாத்தா, ஊட்டுல நெய்யக் கொஞ்சம் ஒளிச்சு வெய்யி."

"காலப் பாருங்கத்த. கொக்கு தோத்துப் போயிரும்" என்றான் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மினுமினுப்பு தேறிய உடம்பல்ல, காலை விட்டு மேலேறிய நீர் என்று எனக்கு மட்டும் தெரியும். துணி தைக்கும் டேப்பை வைத்துக் கெண்டைக்காலை அளந்து வந்தேன். சீராக மெலிந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் எவனும் அவ்வளவு நாள் தொடர்ந்து படுத்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

புரட்டாசியில் அப்பா பொறுமை இழந்தார். நாள் பார்த்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவு செய்தார். படுத்துத் தேறியவனுக்கு வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரை ஊற்றித்தான் எழுப்ப வேண்டும். அதுவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. வழக்கம்தான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வெறும் வயிறு, வறண்ட உடம்பு, ரத்தத்தைத் தோலுக்கு இழுக்கும் சுடுதண்ணீர், நான்கு மாதமாக நிற்காத கால், இவை ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். சாவு விழுந்த வீட்டில் எங்கள் பக்கம் ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் கிடையாது. இது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

துவைக்கிற கல்லில் உட்கார வைத்து நங்கை தண்ணீர் ஊற்றினாள். பிறகு அப்பா ஒரு பக்கமும், மாமன் மகன் வேலுமணி மறுபக்கமும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். நின்றுவிட்டான். நங்கை சொம்பைப் பிடித்தபடி அழுதாள்.

"டாப்கியருல போயிராதீங்க மச்சான்" என்றான் வேலுமணி.

நான் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். தாங்குவதற்கு என்று நினைத்திருப்பார்கள். நாடி துரத்திக்கொண்டு ஓடியது. பிறகு நூல் போல மெலிந்தது. ஒரு கொட்டாவி விட்டான். உதடு சாம்பல் நிறமானது.

"அம்மிணி, கண்ணு இருட்டிக்கிட்டு வருது. படுத்துக்கட்டுமா?"

அவன் என்னைத்தான் கேட்டான். அப்பா என்னைப் பார்த்தார். நங்கையும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் அத்தனை பேரும் ஒன்றாக என் வாயைப் பார்த்து நின்றது அதுதான் முதல் தடவை.

"இல்லீங்கண்ணா, நில்லுங்க" என்றேன். "அப்பா, உடாம நிமித்திப் புடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டார்கள். அவன் தலை தொங்கிய பிறகும், கால் துவண்ட பிறகும், கை இழுத்து வெட்டிய பிறகும், விழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் உயிரைக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்திருந்தார்கள். நங்கை முகத்தில் தண்ணீர் அடித்தாள். கீழே கிடத்தியிருந்தால் கண் விழித்திருப்பான். நான் அதைச் சொல்லவில்லை. என் விரலுக்கடியில் எதுவும் ஓடாமல் நிற்கும்வரை காத்திருந்தேன். நன்றாக நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"இப்பப் படுக்க வெய்யுங்க."

உடனே வைத்தார்கள். நான் சொல்லி அந்த வீட்டில் எதுவும் அவ்வளவு சீக்கிரம் நடந்ததில்லை.