பதினைந்து பூச்சு

சுண்ணாம்பு அடிப்பதில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. காஜா பேராங் ஊரிலேயே என் வீட்டைப் போல வெளுத்த வீடு இன்னொன்று இருக்காது. வருஷா வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம் எல்லாச் சுவருக்கும் ஒரு பூச்சு. எனக்கு முன்னால் வீட்டுக்காரராக இருந்த, குமாஸ்தா வேலை பார்த்த நல்லையா கிராணியும் அப்படித்தான்.

இதை ஓவியர் கருணாகரனிடம் நானே பெருமையாகச் சொன்னேன். அதுதான் தப்பு. சுதந்திரக் கண்காட்சிக்காகப் பழைய வீடுகளில் ஓவியர்களைத் தங்கவைத்து, அந்தந்த வீட்டின் கதையை வரையச் சொல்கிறோம் என்று ஒரு சங்கத்தார் வந்து கேட்டார்கள். நான் துணிக்கடைக்காரன், கண்ணாடிக்குள் வைத்தால் சரக்குக்கு மதிப்புக் கூடும் என்று தெரியாதா? மூன்று மாதம் இடமும் சாப்பாடும் என்னுடையது. பதிலுக்குப் படத்தில் வாசலில் நான் நிற்க வேண்டும். வயிற்றைக் கொஞ்சம் குறைத்து வரையவும் கருணாகரன் ஒத்துக்கொண்டான்.

வந்த ஆள் தூரிகையைத் தொடவில்லை. பேனாக்கத்தியால் சுவரைச் சுரண்டிப் பூச்சு எண்ணிக்கொண்டிருந்தான்.

"முதலாளி, எல்லாச் சுவரிலும் நாப்பதுக்கு மேல இருக்கு. சமையல்கட்டுப் பின்சுவர்ல மட்டும் பதினஞ்சுதான்."

"வயசைக் குறைச்சுச் சொல்லுதோ என்னவோ, தம்பி."

அவன் சிரிக்கவில்லை. "அப்போ அது பதினஞ்சு வருஷத்துக்கு முந்தின, ஜப்பான்காரன் காலத்துச் சுவர். அரிசிக்கே வழியில்லாத நேரத்தில யார் சுவர் கட்டுவாங்க?"

நான் கடைக்குப் போயிருந்தபோது உடைத்துவிட்டான். விருந்தாளிக்கு அது அழகா?

உள்ளே இருந்தது நல்லையாதான். ஜப்பான்காரன் காலத்தில் நான் அவர் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். சயாமில் ரயில்பாதை போடும் வேலைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள், போனவர்கள் திரும்புவதில்லை. மறைத்து வை என்று என்னிடம் வந்து நின்றார். பின்னாலிருந்த சாமான் அறையில் அவரை இருக்கவைத்து, வாசலை அடைத்துச் சுவர் எழுப்பினேன். ஒரு செங்கல் அளவுக்குத் துவாரம். தினமும் மரவள்ளிக்கிழங்கும் தண்ணீரும் என் கையால்தான். ஆளில்லாத வீட்டை ஜப்பான்காரன் எடுத்துக்கொள்வான் என்றேன். துவாரத்தின் வழியாகவே பத்திரத்தை வாங்கி, என் பேருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சண்டை முடிந்ததும் திருப்பித் தருவதாகப் பேச்சு.

விற்ற சரக்கைத் திரும்ப எடுத்தே பழக்கமில்லாதவன் நான். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதாவது. ஒரு காலையில் துவாரத்தருகே குனிந்தேன்.

"அண்ணே, சிப்பாய்ங்க நம்ம வீட்டிலேயே தங்க வராங்க. இதை அடைச்சிடறேன். அவங்க போற வரைக்கும் மூச்சுக் காட்டாதீங்க."

"சரி தம்பி. நீ பத்திரமா இரு. விஜயாவைப் பாத்துக்க."

விஜயா அவர் தங்கை, பக்கத்து ஊரான உஜோங் பாசிரில் இருக்கிறாள். அண்ணனைச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், வந்துவிடுவார் என்று நானே போய்ச் சொன்னேன். போன தீபாவளிக்குக்கூட அண்ணனுக்கு வேட்டி எடுக்க என் கடைக்குத்தான் வந்தாள். நல்ல ரகமாகப் பார்த்துக் கொடுத்தேன்.

சிப்பாய் ஒருவனும் வரவில்லை. ஒன்பது நாள், அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் சாப்பிட்டேன். அந்தப் பக்கம் ஒரு முனகல்கூட இல்லை. சத்தம் கேட்டால் எனக்கு ஆபத்து என்று நினைத்திருப்பார். நல்ல மனுஷர்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பேன். அவர்தான் கூப்பிடவில்லை.