பித்தளைத் தகட்டில் ஒரு பிழை

எனக்குத் தவறான தகவல் மட்டும்தான் ஆகாது. மற்றபடி எல்லோரோடும் ஒத்துப்போகிற ஆள் நான். பிளெட்சர்வெல்லில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நாற்பத்தோரு வருஷமாக இங்கே கறிக்கடை வைத்திருக்கிறேன். ஒருத்தர்கூட என்னோடு சத்தம் போட்டுப் பேசியதில்லை. பேசும் நேரத்தில் என் கையில் கத்தி இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

பெயர் எமெட் ஸ்டாக்டன். வயது எழுபத்துமூன்று. எங்கள் மேற்கு டெக்சஸில் மழை பெய்த வருஷத்தை மட்டும் வருஷமாகச் சேர்ப்பவர்கள் உண்டு. அந்தக் கணக்குப்படி எனக்கு ஒன்பது. இங்கே ஷெரிஃப் ஆபீசில் இரண்டையும் எழுதிக்கொள் என்றேன். ஷெரிஃப் நெட்டி பர்ல்சன் முதலாவதை மட்டும் எழுதினாள். பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளி, "மிச்சத்த நீங்களே உங்க கையால எழுதிருங்கய்யா, அவசரமே இல்ல," என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள். நல்ல பெண். என்னை நம்பவில்லை, அவ்வளவுதான். டுவைட் ராங்கினைக் கொன்றது நான் என்று சொன்னபோது, "காலைல சாப்டீங்களாய்யா?" என்று கேட்டாள்.

டுவைட்டைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் எங்கள் ஊரில் பாம்புத் திருவிழா. குளிர்காலம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை இடுக்கில் கூட்டமாகச் சுருண்டு கிடக்கும், வால்நுனியை ஆட்டிச் சத்தம் போடும் கிலுகிலுப்பைப் பாம்புகள் வெயில் காய வெளியே வரும் சமயம். பொந்துக்குள் பெட்ரோல் ஆவியை ஊதி, மூச்சுமுட்டி வருகிறவற்றைக் கொக்கியால் பிடித்து, சாக்கில் கட்டி, மாட்டுச்சந்தைக் கொட்டகைக்குக் கொண்டுவருவோம். எடை போடுவோம், விஷம் கறப்போம், தோலுரிப்போம், மாவில் புரட்டி வறுப்போம். அந்த வருஷத்து அழகு ராணி கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு முதல் தலையை வெட்டுவாள். உலகத்திலேயே பொல்லாத பிராணியிடமிருந்து எங்களைக் காத்தருளியதற்குப் போதகர் நன்றி சொல்லிப் பிரார்த்திப்பார். பாம்புகள் அப்போது சாக்குக்குள் இருப்பதால் அவற்றின் கருத்து பதிவாவதில்லை.

திருவிழாவின் உச்சம் டுவைட். ஒரு படுக்கைப்பைக்குள் கழுத்துவரை நுழைந்து படுப்பான். உள்ளே இருபது உயிருள்ள பாம்புகளை விடுவோம். பத்து நிமிஷம் அப்படியே கிடப்பான். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கடிகூட இல்லை. "அது கண்ணப் பாத்துப் பேசணும்யா. இங்க யாரு ஆம்பளைன்னு அதுக்குப் புரியணும்," என்று மைக்கில் சொல்வான். பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரை அதிர்வது தெரியும். டுவைட் பேசியது பெரும்பாலும் தெரியாது. அந்த வகையில் பாம்பு கொடுத்துவைத்தது.

அந்த இருபத்தாறு வருஷமும் அந்த இருபது பாம்புகளும் முந்தின நாள் முழுக்க என் கடைக் குளிரறையில், தொங்குகிற மான் தொடைகளுக்குக் கீழே இருந்தன. முதல் வருஷம் தற்செயல். கொட்டகைக் கதவு காற்றில் பிய்ந்துபோனதால் சாக்குகளை என்னிடம் வைத்தார்கள். பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. சுற்றியிருக்கிற சூடுதான் அதன் சூடு. குளிரில் வைத்த பாம்பு, பிரசங்கம் இரண்டாவது மணி நேரத்தைத் தாண்டும்போது நாம் இருப்பது போல இருக்கும். கண் திறந்திருக்கும், வேறெதுவும் நடக்காது. டுவைட் அதைத் தன் பார்வையின் சக்தி என்று எடுத்துக்கொண்டான். நண்பனின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று அடுத்த வருஷமும் குளிரில் வைத்தேன். சாக்குகள் என் பொறுப்பு. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யில் சேராது. இதை நிறைய யோசித்துத்தான் சொல்கிறேன்.

அவனுக்குக் கிடைத்த கைதட்டலைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. தகவலைப் பற்றித்தான்.

திருவிழாவின் முதல் நாள் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, செத்த பாம்பின் வாலைத் தூக்கிப் பிடித்து, "ஒரு கணுவுக்கு ஒரு வயசு. எல்லாரும் சேந்து எண்ணுங்க பாக்கலாம்," என்பான். பிள்ளைகள் எண்ணுவார்கள். கொட்டகையே எண்ணும்.

இது தவறு. கிலுகிலுப்பை நம் நகம் மாதிரிச் சரக்கு. பாம்பு ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் வால்நுனியில் ஒரு கணு கூடும். நன்றாகத் தின்கிற பாம்பு வருஷத்தில் மூன்று நான்கு தடவை உரிக்கும். பட்டினி கிடப்பது ஒரு தடவை. நீண்டுபோனால் முள்ளிலும் பாறையிலும் மாட்டி ஒடிந்தும் விழும். கணுவை எண்ணி வயது சொல்வது, ஒரு ஆளின் பெட்டியில் எத்தனை சட்டை என்று எண்ணி வயது சொல்வது போல. அப்படிப் பார்த்தால் எனக்கு நான்கு, டுவைட்டுக்கு இருநூறு.

அவனிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். காலையில் காபிக்கடையில் எல்லோரும் பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியை வெள்ளைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்த நேரம்.

"டுவைட்டு, ஒரு கணு ஒரு வயசுன்னு பிள்ளைங்ககிட்டச் சொல்றியே, அது சரியில்லடா."

"ஏன், பாம்பு உங்கிட்ட வந்து பர்த் சர்ட்டிஃபிகேட்டக் காட்டுச்சா?"

"வேணும்னா ஒண்ண வளத்துக் காட்டுறேன்."

"வளருடா எமெட்டு. கேக்கு வெட்டுறப்ப சொல்லி அனுப்பு, மெழுகுவத்திய நான் வந்து ஊதுறேன்."

வளர்த்தேன். இந்தப் பாம்பு முட்டையிடாது, குட்டி போடும். செப்டம்பரில் ஒரு சினைப்பாம்பு என் கொட்டகையில் பதினொரு குட்டி போட்டது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பிறந்த குட்டி முதல் சட்டையை உரித்ததும் வாலில் ஒரு பொத்தான் மட்டும் தெரியும். ஆட்டினாலும் சத்தம் வராது. ஆனால் விஷம் பிறந்த அன்றே இருக்கும். நான் பெயர் வைக்கவில்லை. ஆராய்ச்சியில் பாசத்துக்கு இடமில்லை. உரித்த சட்டை ஒவ்வொன்றையும் தேதி எழுதி ஷூ பெட்டியில் வைத்தேன். செத்த எலியை வெந்நீரில் போட்டுச் சூடாக்கிக் கையாலேயே ஊட்டினேன். அதற்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி உண்டு. கும்மிருட்டிலும் சூட்டைப் பார்க்கும். ஆறிப்போனதைத் திரும்பியும் பார்க்காது. சூடாக, பக்கத்தில் இருப்பது எதுவோ அதுதான் சாப்பாடு என்று அது பழகிக்கொண்டது.

இரண்டு வயதில் ஆறு கணு. கண்ணாடித் தொட்டியோடு காபிக்கடைக்குக் கொண்டுபோனேன். டுவைட் குனிந்து எண்ணினான்.

"ஆறு. அப்ப ஆறு வயசு."

"ரெண்டு வயசுடா. எங்கொட்டகைல எங்கண்ணு முன்னாடி பொறந்துச்சு."

"உனக்கு நாளு மறந்துபோச்சு. பாவம், வயசாயிருச்சில்ல. எங்க, திரும்பு, உன் வாலக் காட்டு. எண்ணிச் சொல்றேன்."

குழம்பு ஆடை கட்டும்வரை சிரித்தார்கள். அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள், "இந்தக் கறிக்கு எத்தன கணு எமெட்டு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். போதகரும் கேட்டார். நான் இதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நவம்பர் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபதுக்கு நடந்தது.

போன வருஷம் மார்ச்சில் நான் செய்தேன் என்று சொல்ல அதிகம் இல்லை. செய்யாமல் விட்டது உண்டு. சாக்குகளைக் குளிரறையில் வைக்கவில்லை. பன்றித் தொடைக்குப் புகை போடுகிற அறைக்குப் பக்கத்தில் வைத்தேன். இதமான சூடு. பத்தொன்பது காட்டுப் பாம்பு, ஒன்று என்னுடையது. எண்ணிக்கையில் குறை வைக்கவில்லை.

கொட்டகையில் இரண்டாயிரம் பேர். சாக்குகள் கொதிக்கிற எண்ணெயில் மாவு விழுந்த மாதிரி இரைந்தன. ஜனங்களுக்குப் பரம சந்தோஷம். ஏற்கெனவே பைக்குள் படுத்துவிட்ட டுவைட் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"என்னடா எமெட்டு, இன்னைக்கு ரொம்பத் துடியா இருக்குதுங்க?"

"உன்னப் பாத்த சந்தோசமா இருக்கும்."

"வெளையாடாதடா."

"வேணாம்னா எந்திரிச்சுரு. மைக்கக் குடு, நான் சொல்லிர்றேன்."

அவன் ஜனங்களைப் பார்த்தான். முதல் வரிசையில் அவன் மனைவி லோரீன் புதுத் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தாள். "விடு," என்றான்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கிலுகிலுப்பை பொய் சொல்லாத கருவி. கிட்டே வராதே என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. பத்தொன்பது பாம்புகள் ஒரே சமயத்தில் சரியான தகவலைக் கொடுத்தன. அவன் ஏற்கவில்லை. அவனுக்குத் தகவல் என்றால் எப்போதும் அப்படித்தான்.

கொக்கியால் ஒவ்வொன்றாக விட்டேன். என்னுடையதைக் கடைசியில் விட்டேன். அது மட்டும் கிலுக்கவில்லை. மனிதனைக் கண்டு பயப்படுகிற பாம்புதான் எச்சரிக்கும். அது பயப்படக் காரணமே நான் வைக்கவில்லை. சூடான இருட்டுக்குள் நேரே போயிற்று.

இரண்டாவது நிமிஷத்தில் டுவைட்டின் முகம் வெளுத்தது. சிரிப்பு மட்டும் கழற்றி மாட்டியது போல அப்படியே இருந்தது. கடித்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அறுபது மைலில் ஆஸ்பத்திரி. அங்கே மருந்து உண்டு. இதைவிட மோசமாகக் கடிபட்டவர்கள் பிழைத்து வந்து அடுத்த வாரமே பொய் சொல்லித் திரிந்திருக்கிறார்கள். அந்த வார்த்தைக்காக நான் கொக்கியோடு அவன் தலைமாட்டிலேயே நின்றேன். அவன் உதடு அசையாமல் கேட்டான்.

"எத்தன நிமிசம்டா ஆச்சு?"

"நாலு."

"மணியப் பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன். பத்து முடிந்ததும் பத்து என்றேன். ஒரு விநாடிகூடக் கூட்டிச் சொல்லவில்லை. அவன் எழுந்து, தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லி, விழுந்தான். விழுந்ததற்கும் கைதட்டினார்கள். உடம்பில் ஏழு கடி. ஆம்புலன்ஸ் முப்பத்தோராவது மைலைத் தாண்டும்போது இறந்தான். ஆகவே அவனைக் கொன்றது விஷமா, பெருமையா என்று கேட்டால் என்னால் துல்லியமாகச் சொல்ல முடியாது. துல்லியமாகத் தெரியாததை நான் சொல்வதில்லை.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவன் விழுந்தபோது தொடையை விடாமல் தொங்கிக்கொண்டிருந்தது என் பாம்பு. அதை அடித்து, பஞ்சடைத்து, கண்ணாடிப் பெட்டியில் போட்டு, நகர மன்றத்தின் வாசலில் வைத்தார்கள். கீழே பித்தளைத் தகடு: "பாம்புகளின் மன்னன் டுவைட் ராங்கினை வீழ்த்திய கிழட்டு ராட்சசன். வயது பதின்மூன்று."

அது பெண். அதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் வயது நாலரை. திருவிழாக் கமிட்டிக்கு மூன்று கடிதம் எழுதினேன். தலைவர் கடைக்கே வந்து, "ஒரு கணு ஒரு வயசுன்னு டுவைட்டே சொல்லிருக்காரு. செத்தவர எதுத்துப் பேசலாமா பெரியவரே?" என்றார். அரைக் கிலோ கறியும் வாங்கிக்கொண்டு போனார். நாலரை என்று நிரூபிக்க வேண்டுமானால் எனக்கு அது எப்படித் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வேறு வழியில்லாமல்தான் இன்று ஷூ பெட்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன்.

நெட்டி காபியோடு திரும்பி வந்தாள். எழுதியவரை வாங்கி வாசித்தாள். பிறகு பெட்டியைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தேதியைப் பார்த்து, மேஜைமேல் அடுக்கினாள். கடைசிச் சட்டையில் தேதி போன வருஷம் பிப்ரவரி.

"பதிமூணு," என்றாள். எனக்கு வைத்த காபியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அய்யா... வேணும்னேதான் செஞ்சீங்களா?"

"நாலரை வயசு நெட்டி. அத மொதல்ல எழுதிக்க."

"ரெண்டாங் கிளாஸ்ல டுவைட் மாமா மடில உக்காந்து நானும் எண்ணிருக்கேன்யா."

"தப்பா எண்ணிருக்க. இப்பத் திருத்திக்கலாம். தகட மாத்தச் சொல்லி நீயே ஒரு ஆர்டர் போட்டுரு."

அவள் சட்டைகளைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"நீங்க ஜெயிலுக்குப் போவீங்கய்யா. தகடு அங்கயேதான் இருக்கும். லோரீன் அத்தை தெனமும் வந்து அதத் தடவித் தடவி அழுறாங்க. அதப் புடுங்கி, ஒரு கறிக்கடைக்காரர் வளத்த நாலரை வயசுக் குட்டின்னு போடச் சொல்றீங்களா? பதிமூணாவே இருந்துட்டுப் போகட்டும்."

வாசித்த பக்கங்களை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். இப்போது நீதிபதியோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். அறை நன்றாக இருக்கிறது. அவளுக்குக் கால் குளிரும் போலிருக்கிறது. மேஜைக்கடியில் ஒரு சின்ன ஹீட்டர் ஓடுகிறது. பக்கத்தில் இருட்டாக, கதகதப்பாக, அவள் கழற்றி வைத்த ஒரு ஜோடி பூட்ஸ்.

அவள் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை, பதினொன்று நாற்பதுக்குச் சொன்னாள்.

மற்ற பத்துக் குட்டிகள் என்ன ஆயின என்று அவள் கேட்கவில்லை.