ஐந்தாவது குப்பி

விளக்கு எரியட்டும். கதவை மட்டும் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டரை மணி. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போகும் சாலையில் ஈ காக்கை இல்லை... என் சிநேகிதனின் அத்தான் தனியாக நடந்து போனார், பரிசோதனைக் கூடத்துக்கு.

கிருமியின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிப்பது அவர் வேலை. எந்தக் கிருமி எங்கிருந்து யாருக்குப் போனது என்று சொல்லிவிடுவார். ஊரார் கிருமிக்கெல்லாம் பூர்வீகம் கண்டுபிடித்தவர், ஒரே ஒரு பரிசோதனைக் கோப்பை மட்டும் திறந்ததில்லை. மனைவியுடையது. சின்ன ஆபரேஷன் என்று அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள், எந்த மருந்துக்கும் மசியாத கிருமியால் பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள். அவள் என் சிநேகிதனின் அக்கா.

கூடத்தின் தலைவரை அத்தான் வாய் நிறைய 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். அவள் போன அன்று அந்த அண்ணன் தோளில் கை போட்டுச் சொன்னார்: "கிருமியோட கிடந்துட்டு நேரா அவ பக்கத்துல போய் உட்கார்ந்தே. உன் கையோடதான்டா போயிருக்கும். விடு, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

மறுநாளே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாமியார் அவர் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. சிநேகிதனும் பேச்சை நிறுத்தினான். இரண்டு வருடம்... தோல் வெடிக்க வெடிக்க அத்தான் கை கழுவினார்.

நான் சொன்ன ஞாயிறுக்கு முந்தின வாரம் வார்டில் நாலு பேருக்குத் தொற்று. நாலு மாதிரிகளையும் சனிக்கிழமையே கருவியில் ஏற்றியிருந்தார். கூடவே ஐந்தாவதாக ஒரு குப்பி. வெறும் தண்ணீர். வேலை சுத்தமா என்று பார்க்க எப்போதும் வைப்பது. அதில் எந்தக் கிருமியும் வரக்கூடாது.

வந்திருந்தது.

பழைய கோப்புகளில் எதோடு ஒத்துப்போகிறது என்று தேடினார். குளிர்பெட்டி ர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது... சட்டென்று நின்றது. துடைத்த மேசையிலிருந்து சாக்கடை வாடை.

திரையில் இரண்டு கோப்புகள். ஒன்று, மனைவியின் ரத்தம். ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை. இத்தனை நாளில் கிருமி பத்து எழுத்தாவது மாறியிருக்க வேண்டும். இது, அன்றைக்குத்தான் அவள் உடம்பிலிருந்து எடுத்த மாதிரி...

இன்னொன்று, ஆபரேஷன் வார்டில் கை கழுவும் தொட்டியின் வடிகுழாயில் எடுத்தது. அவள் சேர்வதற்கு இரண்டு மாதம் முன்பே. கீழே ஒரு வரி: 'வார்டை மூட வேண்டியதில்லை.' கையெழுத்து, அண்ணனுடையது.

திங்கட்கிழமை கேட்டபோது அண்ணன் மறுக்கவில்லை. "மூடியிருந்தா என் தலை உருண்டிருக்கும். உனக்கென்ன, பிள்ளையா குட்டியா? பழிய நீ தாங்கிக்குவேன்னு நெனச்சேன்."

"தண்ணியில எப்படி வந்துச்சு, அண்ணே?"

சிரித்தார். பட்டென்று கையுறை மாட்டி, புதுப் புட்டியின் மூடியைத் திறந்து, ஒரு குப்பியில் தானே தண்ணீர் ஊற்றினார். அதே புட்டியிலிருந்து அத்தான் இன்னொரு குப்பியில் ஊற்றினார். மறுநாள் பார்த்தால் அண்ணனின் தண்ணீரில் ஒன்றுமில்லை. அத்தானின் தண்ணீரில்... அவள்.

"பாத்தியா? உன் கைதான்."

அத்தான் அன்று இரவு கை கழுவாமல் படுத்தார். நல்ல தூக்கமாம். கை மேல் யாரோ கை வைத்திருந்த மாதிரி இருந்ததாம்.

அடுத்த மாதம் அண்ணனுக்குப் பதவி உயர்வோடு மாற்றல். வழியனுப்பும் கூட்டத்துக்கு அத்தானைக் கூட்டிப் போனவன் என் சிநேகிதன். அதற்குள் அத்தான் சொல்லி அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆட்களுக்குப் பின்னால், கதவருகே நின்றான்.

அத்தான் மேடையேறிக் கை கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி ஓய்ந்தார்கள்... தலைகளுக்கு மேலே அண்ணனின் முகம் மட்டும் தெரிந்தது. வெளுத்திருந்தது. தோளைப் பின்னால் இழுக்கிறார், இழுக்கிறார்... கை வரவில்லை.

வெளியே வந்ததும் சிநேகிதன் கேட்டான். "எதுக்கு அத்தான் அவ்வளவு நேரம் பிடிச்சிருந்தீங்க?"

அத்தான் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நானா? தொட்ட உடனே விட்டுட்டேனேப்பா."