கந்தகம் எங்கே போனது

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும், பள்ளிச் சீருடையில் அவள் மகளும். மகள் மடியில் வேதியியல் நோட்டு, அதில் பாதி எழுதிய சமன்பாடு. தாயின் கையில் லேபர் ஆபீஸுக்கு எழுதிய மனு.

"இன்னாடி, அந்தப் பக்கம் கந்தகத்தையே காணோம்?" என்று தாய் கேட்டபோதுதான் நான் காது கொடுத்தேன்.

"இன்னும் முடிக்கலம்மா. சோடியம் சல்பைடுல ஆசிட் ஊத்தினா உப்பு வரும். சோடியம் ரெண்டு இருக்கு, அதனால உப்பும் ரெண்டு. அதுக்கு ஆசிட்டும் ரெண்டு போடணும்."

"கந்தகம்?"

"இந்தப் பக்கம் இருக்கறது அத்தனையும் அந்தப் பக்கம் வந்தே ஆகணும். எதுவும் காணாம போகாது. கந்தகம் ஹைட்ரஜனோட சேர்ந்து காத்தா வெளிய வரும். அழுகின முட்டை நாத்தம். ஜாஸ்தி வந்தா ஆளையே கொன்னுடும்."

பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியது.

"தோல் பதனிடற டேனரியில உங்கப்பா கழுவ எறங்கின தொட்டியில சல்பைடு தண்ணி கெடந்துச்சு. அதுல ஆசிட் ஊத்திட்டாங்கன்னு கூட வேல செஞ்சவரு சொன்னாரு."

"தெரியும்மா."

"கம்பெனி காயிதத்துல அவரு செத்தது மாரடைப்புலன்னு எழுதியிருக்கான்."

தாய் மனுவைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தை நோட்டின் மேல் வைத்தாள்.

"நீ போட்டத இதுல எழுது."

"பஸ் நிக்கட்டும்மா. எழுத்து கோணிப் போய்டும்."

"கோணினா கோணட்டும். ஒண்ணையும் விட்டுடாத."