லைலாக்குக்கு நான்கு டிகிரி

இரண்டு வருடங்களாக எனக்கு விளங்காமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். என் லைலாக் செடி ஏன் பூக்கவில்லை? தளிர்த்தது, கிளைத்தது, இலை விட்டது. எரு வைத்தேன், மண் மாற்றினேன், வெயிலுக்கு நகர்த்தினேன். பூ மட்டும் வரவில்லை.

நம் மர்பி டவுன் குடியிருப்போர் சங்கத்தின் பிரீசர் பாக்ஸ் விஷயத்தில் நடந்ததை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரும்படி செயலாளர் முனியப்பன் கேட்டிருக்கிறார். ஒரு பக்கம் போதாது. செடியிலிருந்து தொடங்கினால்தான் பாக்ஸ் புரியும்.

லைலாக் குளிர்நாட்டுப் புதர். கொத்துக் கொத்தாக ஊதாப் பூப் பூக்கும். எதிர்வீட்டுச் சந்திரம்மாவின் மகன் ரவிக்குமார் கனடாவில், கால்கரியில் இருக்கிறான். அவன் வீடியோ காலில் தன் வீட்டு வேலியைக் காட்டினான். சந்திரம்மா அந்தப் போனை மர்பி டவுன் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார். "நம்ம ஊர்லயும் வரவெக்கலாம்க்கா" என்று வாய்விட்டவன் நான்தான். இமாச்சலத்து நர்சரி ஒன்றிலிருந்து குள்ள ரகமாகப் பார்த்துத் தருவித்தேன். அன்றிலிருந்து, காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது என் கேட்டில் ஒரு நிமிடம் நிற்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

"என்னா பாலு, பூத்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"சும்னே குச்சிக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்கே. ஊர்ல இருக்கற ஃப்ரிட்ஜெல்லாம் ரிப்பேர் பண்ற, ஒரு பூவை ரிப்பேர் பண்ணத் தெரியலியே உனுக்கு."

அவர் கேலியில் விஷம் கிடையாது. அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

விடை கிடைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. என் தொழிலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. லைலாக்கின் பூமொட்டு முந்தைய கோடையிலேயே கிளை நுனியில் உருவாகிவிடும். ஆனால் திறக்காது. குளிர்காலம் முழுதாகக் கழிந்துவிட்டது என்று அதற்கு உறுதியாக வேண்டும். இல்லையென்றால் நடுவில் வரும் ஒரு வெயில் நாளை நம்பிப் பூத்து, அடுத்த வாரப் பனியில் கருகிவிடும். அதற்காக அது குளிரை மணிக்கணக்கில் எண்ணுகிறது. ஏழு டிகிரிக்குக் கீழே, ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம். உறையும் அளவுக்குப் போய்விட்டாலும் அந்த நேரம் சேர்த்தி இல்லை. பெங்களூரில் ஜனவரி விடியற்காலையிலேயே பதினான்கு, பதினைந்து டிகிரி. நாம் ஸ்வெட்டரும் குல்லாவுமாக நடுங்குவதைப் பார்த்துவிட்டு, எப்போது குளிர் வரும் என்று அது காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆக, ஆறு வாரம், நான்கு டிகிரி. வீட்டு ஃப்ரிட்ஜில் தொட்டி நுழையாது. நுழைந்தாலும் என் மனைவி வீணா அதில் ஆப்பிள் வைக்கிறாள். பழுத்த பழம் விடும் வாயு மொட்டுக்கு ஆகாது. நீளமாக, இறுக மூடுகிற மாதிரி, வெப்பநிலையை நம் விருப்பத்துக்குத் திருத்தக்கூடிய பெட்டி எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. சாவியும் என்னிடமே இருந்தது.

அந்தப் பாக்ஸ் எதற்கு என்று கமிட்டிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளை வந்து முகம் பார்க்கும்வரை இறந்தவரைக் கண்ணாடி மூடிக்குள் வைத்திருப்பதற்கு. பராமரிப்பு என் பொறுப்பு. வருடத்தில் முக்கால்வாசி நாள் என் பட்டறைக்குப் பக்கத்து ஷெட்டில் காலியாகவே நிற்கும். ஓடாமல் நிற்கும் இயந்திரம் சீக்கிரம் கெடும். நவம்பர் இருபதாம் தேதி செடியின் இலைகளை உருவிவிட்டு, தொட்டியோடு சாய்த்துப் படுக்கவைத்து, தெர்மோஸ்டாட்டை நான்கில் நிறுத்தினேன். இலை இல்லாத செடிக்கு வெளிச்சம் தேவையில்லை என்பதால் மேலே ஒரு தார்ப்பாயும் போட்டேன்.

இரண்டாவது வாரம் பின்தெரு க்ளென்னின் அப்பா காலமானார். "மோட்டார் சர்வீஸ்ல இருக்கு" என்றேன். அவர்கள் வெளியில் வாடகைக்கு ஒன்று எடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆகவே அதை நான் குற்றமாக எண்ணவில்லை.

முப்பத்தோராவது நாள், டிசம்பர் இருபது. அன்று சந்திரம்மா பால் வாங்கப் போகவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார். ஏழரைக்கு ரவியின் போன் வந்தது.

"பாலண்ணா, ஃபிளைட் கெடச்சிடுச்சு. நாளைக்கு நைட் வந்துடுவேன். பாக்ஸ் இருக்குல்ல?"

"இருக்குப்பா. நீ தைரியமா வா."

இதில் பொய் எதுவும் இல்லை. பாக்ஸ் இருந்தது.

எட்டு மணிக்கு முனியப்பன் ஆட்களோடு வந்தார். கம்ப்ரெசர் போய்விட்டது என்றேன்.

"அய்யய்யோ. வேற எங்கனா சொல்லி எடுக்கட்டா?"

"எதுக்கு? ரெண்டு மணிக்குள்ள ரெடி பண்ணிடறேன்."

"அதுவரைக்கும் ஐஸ் பாளமாச்சும் வாங்கியாந்துடட்டா?"

"நான் இருக்கேன் இல்ல, முனியப்பா."

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் எல்லோருக்கும் என்மேல் கோபம் என்று தெரிகிறது. என் நிலைமையையும் பார்க்க வேண்டும். முப்பத்தாறு வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன். என்னால் சரிசெய்ய முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதிலும், கெட்டே போகாத ஒரு இயந்திரத்தை.

ஷெட்டை உள்ளே தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவ்வப்போது ஸ்பேனரால் தட்டினேன். வெளியே நின்றவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். பதினோரு மணிக்கு ஜன்னல் வழியாக யாரோ டீ நீட்டினார்கள். "கையெல்லாம் வலிக்கும், குடிங்கண்ணா" என்றார்கள். தார்ப்பாயை விலக்கிக் கண்ணாடி வழியே பார்த்தேன். மிளகளவு மொட்டுகள், இறுக மூடியபடி, அறுநூற்று எழுபத்திரண்டு மணி நேரத்தை எண்ணி முடித்திருந்தன. நடுவில் வெப்பம் ஏறினால் எண்ணியதெல்லாம் வீணாகிவிடும் என்பதுதான் என் கவலை.

மூன்று மணிக்கு வெளியே வந்து, பார்ட் கிடைக்கவில்லை என்றேன். அதன் பிறகு வாடகைக்குத் தேடினார்கள். இருந்த ஒன்றும் ராத்திரிதான் வரும் என்று பதில் வந்தது. காலையிலிருந்து வெறுமனே கிடத்தியிருந்த உடல். பெரியவர்கள் கூடிப் பேசி, ஐந்து மணிக்கு எடுத்துவிட்டார்கள். நானும் தோள் கொடுத்தேன்.

மறுநாள் இரவு வந்த ரவி, அம்மாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டான். "அன்னைக்குப் பூரா நீங்க போராடினீங்களாமே" என்று அழுதான். நான் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

ஜனவரி இரண்டாம் தேதி செடியை வெளியே எடுத்து, முதலில் நிழலில் வைத்துத் தண்ணீர் காட்டினேன். பிப்ரவரி முதல் வாரம் பூத்தது. மல்லிகை மாதிரி முகத்தில் வந்து மோதும் வாசனை இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிடுகிற வாசனை. ரவி வீட்டைக் காலிசெய்வதற்காக, ஆபீஸ் வேலையை இங்கிருந்தே பார்த்துக்கொண்டு தங்கியிருந்தான். அக்காவின் படத்துக்கு வைக்கலாம் என்று ஒரு கொத்தை வெட்டிக்கொண்டு போனேன்.

வாங்கி முகர்ந்து பார்த்தான். முதல்முறையாக அவன் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"எங்க ஊர்ல மாசக்கணக்கா பனியில கெடந்தாத்தான் இது பூக்கும். இங்க குளுருக்கு என்னண்ணா பண்ணீங்க?"

ஒருவர் உண்மையான ஆர்வத்தோடு கேட்டால் விளக்காமல் இருக்க என்னால் முடியாது. இலையை உருவுவது, தெர்மோஸ்டாட், மணிக்கணக்கு, எந்தப் பெட்டி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தேதிகளைச் சொல்லும்போது அவன் பூவைக் கீழே வைத்தான்.

"கொஞ்சம் வெளிய போங்கண்ணா" என்றான்.

கமிட்டியின் கேள்வி ஒன்றுக்குப் பதில் பாக்கி இருக்கிறது. செடியை இரண்டு நாள் வெளியே எடுத்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எண்ணியது வீணாகிவிடும் என்று கவலைப்பட்டதாக மேலே எழுதியிருக்கிறேன். அதைத் திருத்த வேண்டும். டிசம்பர் எட்டாம் தேதி டிரான்ஸ்பார்மர் வெடித்து நம் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் இருந்தது. பாக்ஸ் வெளி வெப்பத்துக்கே வந்துவிட்டது. மொட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்பத்திரண்டு நாளை நாற்பத்து நான்காக மாற்றி, கரண்ட் வந்த அன்றே காலண்டரில் குறித்துக்கொண்டேன். ஆகவே ரவி போன் செய்த காலையில் இது எனக்குத் தெரியும். அக்காவுக்குப் பூவைக் காட்டத்தான் இத்தனையும் என்று வீணாவிடம் சொல்லிவந்தேன். ஆனால் எல்லோர் முன்னாலும் தார்ப்பாயை எடுத்தால், உள்ளே ஒரு குச்சி படுத்திருக்கும். ஊரே சிரிக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி இங்கே லைலாக் வளர்க்க நினைப்பவர்களுக்காக முறையை எழுதிவிடுகிறேன். இலையை உருவிவிட்டு நான்கு டிகிரியில் நாற்பத்திரண்டு நாள் வைக்க வேண்டும். நடுவில் யாருக்காவது பெட்டி தேவைப்பட்டால், செடியை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். வெளியே இருந்த நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொண்டால் போதும்.