ஓடுற படமே போதும்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் பஸ்ஸில், சுருட்டிய ஃப்ளெக்ஸை மடியில் வைத்திருந்தவர் பக்கத்து சீட்டுக்காரரிடம், “விஞ்ஞானிய ஓடுற மாதிரியே போட்டாச்சு” என்றார். பின் சீட்டில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“யாருங்க, நம்ம வாத்தியார் மகளா? ஸ்டேட் லெவல்ல ஓடி மெடல் வாங்குச்சே?”

“அதேதான். இப்ப தண்ணி ஆராய்ச்சியில டாக்டர் பட்டம் வாங்கிருக்கு. ஞாயித்துக்கெழம பாராட்டு விழா. லேப்புல கண்ணாடிக் குழாயோட நிக்கிற படத்ததான் அனுப்புச்சு. ரத்தம் எடுக்குற புள்ள மாதிரி இருக்குன்னு கமிட்டியில வேணாம்னுட்டாங்க.”

“கமிட்டிக்காரங்க படம் இருக்கா?”

“முப்பத்தாறு பேரும் இருக்கோம்.” இதைச் சொல்லும்போது மட்டும் ஃப்ளெக்ஸைத் தடவிக்கொண்டார்.

“நம்ம ஊரு போர் தண்ணியக்கூட டெஸ்ட் பண்ணுச்சாமே?”

“ஆமா. குடிக்கவே கூடாதுன்னு ரிப்போர்ட் குடுத்துருக்கு. நாங்களும் அத மதிச்சு ஒரு முடிவு எடுத்துட்டோம்ங்க.”

“என்ன முடிவு?”

“மேடையில அதுக்குக் கேன் தண்ணி சொல்லியாச்சு.”

“மத்தவங்களுக்கு?”

“நாம என்ன ஆராய்ச்சியா பண்றோம்? எப்பவும் போல போர் தண்ணிதான்.”